இரட்சிப்பின் நிச்சயமும் தமிழரும்

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரவாங், ஈயத்தால் பிறந்து இரப்பரால் வளர்ந்த ஊர். 1894-ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் அங்கே சுரங்க வேலைக்கென மின்பொறி நிறுவினர். மலாயாவின் மின்சார வரலாறு அவ்வூரிலிருந்தே தொடங்குகிறது. இன்று கத்தோலிக்க மக்கள் அவ்வூரை வேறொரு காரணத்தால் அறிவர். அங்குள்ள புனித யூதா ததேயு ஆலயம் தொலைவிலிருந்தும் அடியார்கள் நாடிவரும் திருத்தலமாகும். அப்போஸ்தலரான யூதா ததேயுவின் நினைவு நாள் அக்டோபர் 28. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேறு, இவர் வேறு. எல்லா வழியும் அடைபட்டு நம்பிக்கை இழந்தவர்களுக்காகப் பரிந்து பேசுபவர் என்று கத்தோலிக்க மரபு இவரைப் போற்றுகிறது.

புதிய ஏற்பாட்டில் யூதாவின் பெயரால் ஒரு சிறு நிருபம் இருக்கிறது. ஒரே அதிகாரம், இருபத்தைந்தே வசனங்கள். அதனை எழுதியவர் யாக்கோபின் சகோதரரான யூதா என்று நிருபமே கூறுகிறது. அவரும் அப்போஸ்தலரும் ஒருவரே என்பது பழைய மரபு. இருவரும் வேறானவர் என்பது இக்கால அறிஞர் பலரின் கருத்து. அது நிற்க. எகிப்திலிருந்து விடுவிக்கப்பட்ட மக்களுள்ளும் நம்பாதவர்கள் பின்னர் அழிந்துபட்டதை நிருபத்தின் ஐந்தாம் வசனம் நினைவூட்டுகிறது. கடவுளின் அன்பில் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளுமாறு இருபத்தோராம் வசனம் பணிக்கிறது. இருபத்து நான்காம் வசனமோ, அடியார்கள் வழுவாதபடி காக்க வல்லவர் கடவுளே என்று துதிக்கிறது.

காப்பவர் யார்? மனிதன் தன்னைக் காத்துக்கொள்கிறானா? கடவுள் அவனைக் காக்கிறாரா? கடவுளே காப்பவரானால், அவர் கையில் ஒருமுறை சேர்ந்தவன் மீண்டும் தவறிப்போகக் கூடுமா? இரட்சிப்பின் நிச்சயம் என்று கிறிஸ்தவர்கள் கூறும் பொருளின் முழு வழக்கும் இவ்வினாக்களில் அடங்கும். இவ்வழக்கு மேல்நாட்டில் எழுந்தது எப்படி, தமிழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது எப்படி, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே ஒன்றுகூடியது எப்படி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வினாக்கள்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நிச்சயம் என்னும் ஒரு சொல்லுக்குள் இரு வினாக்கள் மறைந்துள்ளன. இன்று நான் மன்னிக்கப்பட்டவன் என்பதை நான் அறியக்கூடுமா என்பது ஒன்று. நாளையும், இறுதி மூச்சிலும் நான் அந்நிலையிலேயே இருப்பேன் என்பதை அறியக்கூடுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதனாலேயே பல வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

கி. பி. 430-ல் மறைந்த அகஸ்தீன், தம் இறுதி ஆண்டுகளில் விடாமுயற்சி என்னும் வரத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். இறுதிவரை நிலைத்திருத்தல் மனிதனின் ஆற்றலன்று, கடவுளின் கொடை என்பது அவர் கொள்கை. ஆயினும் அக்கொடை தனக்குக் கிடைத்துள்ளதென்று உயிரோடிருக்கும் எவனும் உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் அவர் கூறினார். முதற்கூற்றைக் கொண்டு ஒரு சாராரும், இரண்டாம் கூற்றைக் கொண்டு மற்றொரு சாராரும் அவரையே சான்றாகக் காட்டுவர்.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்வழக்கு ஐரோப்பாவைப் பிளந்தது. தன் செயல்களை எண்ணி எண்ணி அமைதி காணாத மார்ட்டின் லூதர், கடவுளின் வாக்குறுதியைப் பற்றுவதே நிச்சயம் என்று போதித்தார். ஆனால் லூதர் சபையாரின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் தூய ஆவியை இழக்கவே முடியாது என்போரை மறுக்கிறது. ஆகவே இன்றைய நிச்சயம் உண்டு, நாளைய வீழ்ச்சியும் கூடும் என்பது லூதரன் நிலை.

கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தில், 1547 ஜனவரியில், தன் விடையை வகுத்தது. தனி வெளிப்பாடு பெற்றாலன்றித் தன் இறுதி நிலையைப் பற்றி எவனும் பிழையற்ற உறுதி கொள்ளலாகாது. ஆனால் கடவுளின் துணையில் எல்லாரும் மிக உறுதியான நம்பிக்கை வைத்தல் வேண்டும் என்று அச்சங்கம் கூறிற்று. கால்வினின் வழிவந்தோர் இதற்கு மறுதலையாக நின்றனர். அர்மீனியசின் மாணாக்கரை எதிர்த்துக் கூடிய 1618-19-ஆம் ஆண்டு தோர்த் சங்கம், கடவுள் தெரிந்தெடுத்தவர் இறுதிவரை விழாது காக்கப்படுவர் என்று அறுதியிட்டது.

தமிழ் மண்ணில் வழக்கு

1706-ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தில் பயின்றவர். மனமாற்றத்தை உள்ளத்தில் உணர்ந்தறிதல் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் உயிர்நாடி. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-ல் தரங்கம்பாடி அச்சகத்தில் வெளிவந்தது. சில ஆண்டுகளிலேயே கத்தோலிக்கத் தரப்பிலிருந்து மறுப்பு எழுந்தது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், லூதரன் போதனையை எதிர்த்து 1728-ல் வேதவிளக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில் தமிழ் உரைநடை இச்சமய வாதத்தால் உரம் பெற்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மேல்நாட்டு வழக்கைத் தமிழர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தனரா? அல்லர். அவ்வினா அவர்கள் வீட்டில் முன்னமே நடந்த வினாவாகும். வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் அருளின் இயல்பைப் பற்றிப் பல தலைமுறைகளாக வாதித்தனர். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளுதல் போல, ஆன்மாவுக்கும் ஒரு சிறு முயற்சி வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்தோர் கருத்து. பூனை தன் குட்டியை வாயால் கவ்விச் செல்லுதல் போல, ஆண்டவனே முழுவதும் செய்கிறான் என்பது பிள்ளை உலகாசிரியர் வழிவந்தோர் கருத்து. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஒட்டோ, இந்தியாவின் அருள் நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930-ல் எழுதிய நூலில் இவ்வொற்றுமையை உலகறியச் செய்தார்.

சொற்களிலும் இவ்வுறவு புலனாகின்றது. இரட்சிப்பு என்னும் சொல், காத்தல் என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்தது. வைணவ நூல்கள் சரணாகதிக்குக் கூறும் ஆறு உறுப்புகளுள் ஒன்று, இறைவன் தன்னைக் காப்பான் என்னும் மகாவிசுவாசம். இரட்சித்தல், விசுவாசம் என்னும் இரு சொற்களும் அங்கே முன்னமே இணைந்து நின்றன. கிறிஸ்தவர்கள் அச்சொற்களை எடுத்தாண்டபோது, ஆபத்திலிருந்து ஒருமுறை விடுவித்தல் என்னும் பொருளோடு தொடர்ந்து காத்தல் என்னும் பொருளும் உடன்வந்தது. 1995-ல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, மீட்பு, நம்பிக்கை என்னும் தமிழ்ச் சொற்களை வழங்குகிறது. இவை எளிமையும் இனிமையும் உடையன. ஆயினும் மீட்பு என்றால் மீட்டெடுத்த செயல் முன்னிற்கிறது. இரட்சிப்பு என்றால் காத்துநிற்கும் நிலை முன்னிற்கிறது.

கிருஷ்ண பிள்ளையின் யாத்திரை

இவ்விரு மரபுகளும் ஒருவர் வாழ்விலேயே சந்தித்ததைக் காண விரும்புவோர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை நோக்குக. நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில், வைணவ வேளாளர் குடியில், 1827-ல் பிறந்த அவர், கம்பனில் தோய்ந்த புலவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராய்ப் பணியாற்றிய பின், 1858-ல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் நூலாக வெளிவந்தது.

பனியனும் நிச்சயத்துக்காகப் பல்லாண்டு ஏங்கியவர். அவர் கதையில் வரும் பயணி சிலுவையடியில் பாரச்சுமை நீங்கப்பெற்று, முத்திரையிட்ட ஒரு சுருளைப் பெறுகிறான். விண்ணக வாயிலில் காட்டவேண்டிய அடையாளம் அது. மலையேறும் வழியில் நிழல் கண்டு இளைப்பாறியவன் உறங்கிவிடுகிறான், சுருள் கைநழுவுகிறது. பின்னர் அழுதுகொண்டே வந்த வழி திரும்பி, உறங்கிய இடத்திலேயே அதைக் கண்டெடுக்கிறான். இக்காட்சியின் நுட்பம் கருதத்தக்கது. சுருளை இழந்த பொழுதும் அவன் வழிப்போக்கனாகவே இருக்கிறான். இழந்தது நிச்சயத்தை, பயணத்தை அன்று. கால்வின் வழியினரான ஆங்கிலப் பியூரிட்டன்கள் 1646-ல் வகுத்த வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும், மெய்யடியான் நெடுங்காலம் நிச்சயமின்றி வருந்தக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டது.

கிருஷ்ண பிள்ளை இக்கதையை மொழிபெயர்த்ததோடு அமையவில்லை. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களாக அதனைக் காப்பியமாக்கினார். பனியன் சுருக்கமாகச் சுட்டிச் செல்லும் கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடினார். பயணியின் உள்ளத்தில் தோன்றி மறையும் உணர்ச்சிகளை விட, அவனுக்கு வெளியே நிகழ்ந்த ஒரு தியாகமே பாட்டின் நடுவிடத்தைப் பெறுகிறது. நிச்சயத்தின் நிலைக்களம் அதுவே என்று புலவர் கருதினார் போலும்.

அவர் திருமுழுக்குப் பெற்ற இரண்டாம் ஆண்டில் நெல்லைச் சீமையில் ஓர் எழுப்புதல் நிகழ்ந்தது. கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை நிறுவிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், பிரதரன் இயக்க முன்னோடியான அந்தோணி நாரிஸ் குரோவ்சிடம் பயின்றவர். 1860-ல் அவரைச் சார்ந்த சபைகளில் மக்கள் தம் பாவங்களை எண்ணிக் கதறினர். பின்னர் மன்னிப்பின் மகிழ்ச்சி பெற்றுப் பாடினர். மேல்நாட்டு ஊழியர் தலைமையின்றித் தமிழரிடையே பரவிய இயக்கம் அது. ஏடறியாத உழவனும் தன் இரட்சிப்பைத் தானே அறிந்து சொல்லலாம் என்னும் துணிவை அது அளித்தது.

யாழ்ப்பாணமும் மலாயாவும்

இனி, மலாயாவுக்கு இவ்வழக்கு வந்த வழிகளைக் காண்போம். யாழ்ப்பாணத்துக்கு வெஸ்லியன் மிஷனரிமார் 1814-லும், அமெரிக்க மிஷனரிமார் 1816-லும் வந்தனர். அமெரிக்கர் கால்வின் நெறியினர். 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியவர்கள். வெஸ்லியன்மார் அர்மீனிய நெறியினர். அவர்கள் குருவாகிய ஜான் வெஸ்லி, 1738 மே 24-ல் இலண்டனில் ஒரு கூட்டத்தில் லூதரின் எழுத்து வாசிக்கப்படக் கேட்டபோது, தன் பாவம் நீக்கப்பட்ட நிச்சயத்தைப் பெற்றதாகக் குறித்தார். ஆயினும் பெற்ற கிருபையை இழக்கவும் கூடும் என்று 1751-ல் தனி நூலே எழுதினார். அவருடைய நண்பர் ஒயிட்ஃபீல்டு இதில் அவரோடு மாறுபட்டார். இவ்வாறு இரு வேறு விடைகள் யாழ்ப்பாணத்தில் சில கல் தொலைவில் அருகருகே போதிக்கப்பட்டன.

அங்குள்ள கல்லூரிகளில் ஆங்கிலம் கற்றோர் மலாயாவின் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிய வந்தனர். இரயில்வே பணிமனையைச் சூழ வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸ் அவர்கள் வாழிடங்களுள் ஒன்றாயிற்று. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1885-ல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் பணி, 1897-ல் கோலாலம்பூரில் ஆண்கள் பள்ளி நிறுவும் அளவுக்கு வளர்ந்தது. இன்று மலேசிய மெதடிஸ்ட் திருச்சபையில் தமிழருக்கெனத் தனி ஆண்டு மாநாடு உண்டு. தரங்கம்பாடி வழிவந்த லூதரன் தமிழரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே சபை கூடினர். பிரிக்ஃபீல்ட்ஸ் சீயோன் ஆலயம் அவர்கள் வரலாற்றின் சான்று. பிரான்சிஸ் சவேரியார் காலம் தொட்டுக் கத்தோலிக்கரான கடற்கரை மக்களும், புதுச்சேரி வட்டாரத்துக் கத்தோலிக்கரும் பாரிஸ் வேதபோதக சபைக் குருமாரின் மேய்ப்பில் இங்கே வாழ்ந்தனர். ஐரோப்பாவில் போர் மூட்டிய கொள்கைகள் இப்பள்ளத்தாக்கில் ஒரு தெருவின் அண்டை வீடுகளாயின.

தோட்டத்து வாழ்வில் இவ்வினா

புலவர்க்கும் போதகர்க்கும் மட்டும் உரிய வாதம் இது என்று எண்ணலாகாது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் ஒழிந்தது. கங்காணி ஆள்சேர்ப்பு 1938-ல் நின்றது. இவ்விரு முறைகளாலும் வந்த தமிழர் பால்மரக் காடுகளில் லயத்து வீடுகளில் வாழ்ந்தனர். வேலை போனால் வீடும் போகும். துரையின் மனம் மாறினால், விலை இறங்கினால், உடல் நலிந்தால், நின்ற நிலம் காலடியில் நழுவும். அத்தகைய வாழ்வுடையோர்க்கு, எவராலும் வேலைநீக்கம் செய்ய இயலாத ஓர் உறவு உண்டு என்னும் செய்தி எத்துணை ஆறுதலாய் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறுபுறமும் உண்டு. இளமையில் திருமுழுக்குப் பெற்று, பின்னர் கள்ளுக்கடையே கதியாகிக் கோயில் வாசலை மறந்து, ஒருநாள் திடீரென இறந்துபோன மகனைப் பற்றித் தாய் என்ன எண்ணுவாள்? அவன் காக்கப்பட்டானா, இழக்கப்பட்டானா? இவ்விடத்தில் ஒவ்வொரு நெறியும் சோதனைக்குள்ளாகிறது. கத்தோலிக்க நெறி தீர்ப்பைக் கடவுளிடம் விட்டு, இறந்தவனுக்காக வேண்டச் சொல்கிறது. லூதரன் நெறி அவன் பெற்ற திருமுழுக்கின் வாக்குறுதியை நினைவூட்டுகிறது. மெதடிஸ்ட் நெறி, விழுந்தவன் இறுதி நொடியிலும் எழக்கூடும் என்கிறது. கால்வின் நெறி, அவன் மெய்யாகவே கடவுளுடையவனாயின் கடவுள் அவனை விட்டிரார் என்கிறது.

இறுதியாகக் கூறிய விடை மிக உறுதியானதாய்த் தோன்றும். ஆயினும் அதனுள்ளும் ஒரு முள் உண்டு. ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் இழக்கப்படான் என்று கொண்டால், முற்றும் விலகிப்போனவன் தொடக்கத்திலேயே இரட்சிக்கப்படவில்லை என்று கொள்ள நேரும். அப்பொழுது, என் தொடக்கம் மெய்யானதா என்னும் ஐயம் எழும். நாளையைப் பற்றிய அச்சம் நேற்றைப் பற்றிய அச்சமாக மாறுகிறதே அன்றி மறையவில்லை. எதிர்த் தரப்பிலோ, வீழ்ச்சியை ஓயாது எச்சரித்தால் எளிய உள்ளம் நடுங்கும். எச்சரிக்கையே இல்லையானால் துணிந்த உள்ளம் அசட்டையாகும். நடுங்குபவனுக்குச் சொல்லவேண்டியதைத் துணிந்தவனுக்கும், துணிந்தவனுக்குச் சொல்லவேண்டியதை நடுங்குபவனுக்கும் சொல்லுதலே போதகர் செய்யக்கூடிய பெரும் பிழை.

ஒப்புரவு

நானூற்றைம்பது ஆண்டுப் பிணக்கில் ஒரு திருப்பம் 1999 அக்டோபர் 31-ல் நிகழ்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலகச் சம்மேளனமும், நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் ஆக்ஸ்பர்க் நகரில் ஒப்பமிட்டன. 2006-ல் உலக மெதடிஸ்ட் மன்றமும், 2017-ல் கால்வின் வழிச் சபைகளின் உலக ஐக்கியமும் அவ்வறிக்கையோடு இணைந்தன. இரட்சிப்பின் நிச்சயத்துக்கென அவ்வறிக்கையில் தனிப் பகுதியே உண்டு. அடியார்கள் கடவுளின் இரக்கத்தையும் வாக்குறுதிகளையும் சார்ந்து நிற்கலாம் என்பதில் இரு தரப்பும் உடன்பட்டன. தன் பலவீனத்தை நோக்குபவன் தன் இரட்சிப்பைக் குறித்துக் கவலைகொள்ளக்கூடும். ஆயினும் கடவுளின் இரக்கத்தை ஐயுறலாகாது என்று கத்தோலிக்கத் தரப்பு தன் நிலையை விளக்கியது.

இதனால் வழக்கு முற்றும் தீர்ந்ததென்று கூறுவதற்கில்லை. இழக்கக்கூடுமா என்னும் இரண்டாம் வினாவில் சபைகள் இன்றும் மாறுபட்டே நிற்கின்றன. ஆனால் முதல் வினாவின் அடித்தளம் ஒன்றாகிவிட்டது. நிச்சயம் என்பது மனிதன் தன்னை அளந்து பார்த்துப் பெறுவதன்று. வாக்களித்தவரின் உண்மையைச் சார்ந்து பெறுவது. பனியனின் பயணி சுருளைத் தேடித் திரும்பியதும், கிருஷ்ண பிள்ளை பாடுகளைப் பாட்டின் நடுவே வைத்ததும், அருளப்பனின் உழவர் அழுது பின் பாடியதும் இவ்வுண்மையின் பல தோற்றங்களே ஆகும்.

மீண்டும் ரவாங்குக்கு வருவோம். யூதாவின் நிருபம் காத்துக்கொள் என்றும் கூறுகிறது, காக்கப்படுவாய் என்றும் கூறுகிறது. குரங்குக் குட்டியின் பிடியும் பூனைத் தாயின் பிடியும் ஒரே ஏட்டில் உள்ளன. எச்சரிக்கை நடுவில் வருகிறது; துதி இறுதியில் வருகிறது. கட்டளையோடு முடிக்காமல், காக்க வல்லவரைப் போற்றி அவர் முடித்த வரிசையில் ஒரு நெறி இருக்கிறது. திருவிழா நாளில் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும் தாய்க்கு இறையியல் வாதங்கள் தெரியாமலிருக்கலாம். தன் பிடி தளர்ந்துவிட்டது என்று அஞ்சித்தான் அவள் அங்கே வருகிறாள். தளராத பிடி ஒன்று உண்டு என்று நம்பித்தான் அவள் வீடு திரும்புகிறாள்.